கர்ப்பிணிக்குக் கீழாநெல்லியா? கொஞ்சம் பொறுங்கள்!

அந்த அம்மாவின் கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. உள்ளே பச்சை நிறத்தில் ஏதோ சாறு. பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.

பக்கத்தில் மகள். எட்டாம் மாதம். முகம் அதைத்துப் போயிருந்தது. வளைகாப்பன்று ஆசையாகப் போட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் அழுந்தித் தடம் பதித்திருந்தன. வலது பக்க விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்தபடி, குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா நெஞ்சுக்குழியில வலிங்கறா டாக்டரம்மா. வாந்தி வேற. வாயுத் தொந்தரவுன்னு ஓமத் தண்ணி குடுத்தோம், கேக்கல. அப்புறம் லேப்புல ரத்தம் குடுத்துப் பாத்ததுல லிவர் சரியில்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. காமாலைதான் போலிருக்குன்னு ரெண்டு நாளா கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்..."

"பிரஷர் பாத்தீங்களாம்மா?"

அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"லிவருக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் டாக்டரம்மா?"

நியாயமான கேள்வி. படித்தவர்கள், பட்டணத்தில் இருப்பவர்கள், கையில் செல்போன் வைத்துக்கொண்டு எதையும் தேடிப் பார்க்கிறவர்கள்கூட என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று அந்தப் பெண்ணுக்கு பிரஷர் 170/110. ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் 62 ஆயிரம்தான் இருந்தன. கீழாநெல்லி எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பச்சைச் சாறு ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு நாட்கள்! இந்த வியாதியில் இரண்டு நாள் என்பது சாதாரண விஷயமே கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மூலிகைக்கு எதிரி இல்லை. எனக்குப் பத்து வயதில் காமாலை வந்தபோது, என் பாட்டி கொல்லையிலிருந்து கீழாநெல்லி பறித்து வந்து அம்மியில் அரைத்துக் கொடுத்தாள். உப்பில்லாத பத்தியம் வேறு! மூன்று வாரத்தில் எழுந்து ஓடினேன். பிற்பாடு டாக்டருக்குப் படித்தபோதுதான், குழந்தைகளுக்கு வரும் அந்த வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று தெரிந்தது. ஆனாலும் பாட்டிக்குச் சேர வேண்டிய பெருமையை நான் இன்றுவரை குறைத்ததில்லை. அந்த மூன்று வாரமும் என்னைப் படுக்க வைத்து, வேளாவேளைக்கு நீர்மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டாளே!

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 'கல்லீரல்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே 'காமாலை' என்றும், 'காமாலை' என்றதுமே 'கீழாநெல்லி' என்றும் நம் மனசு தாவுகிறது பாருங்கள், அங்கேதான். கர்ப்பிணியின் கல்லீரல் கெடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் இ வைரஸ் மற்றவர்களைச் சும்மா படுக்கவைத்துவிட்டுப் போகும். நிறைமாதக் கர்ப்பிணிகளில் உயிரையே பறிக்கும். உடம்பெல்லாம், அதிலும் உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கிறதே, அந்தப் பித்தநீர்த் தேக்கம் வேறு. கல்லீரலில் திடீரென்று கொழுப்பு சேருவது வேறு. இவற்றில் எதுவுமே இல்லாமல், பிரஷரினால் கல்லீரல் கெடுவது முற்றிலும் வேறு. நான் பேசப்போவது கடைசியாகச் சொன்னதைப் பற்றி.

அடுப்பு எங்கே, புகை எங்கே?

கர்ப்பம் தரித்த ஆரம்ப மாதங்களில், நஞ்சுக்கொடி தாயின் கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர் விடுகிறது. அப்போது அங்குள்ள சிறிய ரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று, குழந்தைக்கு ரத்தத்தைத் தாராளமாகக் கொண்டுபோக வேண்டும். சிலருக்கு இந்தக் குழாய்கள் சரியாக அகலுவதில்லை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி, சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவை உடம்பு முழுவதும் ரத்தக் குழாய்களின் உள்பூச்சைப் பாழாக்குகின்றன. குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் ஏறுகிறது. சிறுநீரகத்தில் கசிவு ஏற்பட்டு, சிறுநீரில் புரதம் போகிறது. மூளையில் என்றால் தலைவலி, கண் மங்கல், கடைசியில் ஜன்னி.

கல்லீரலில் என்ன ஆகிறது? அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் சின்னச் சின்னதாக ரத்தம் உறைகிறது. ரத்த ஓட்டம் இல்லாமல் கல்லீரல் செல்கள் சாகின்றன. அவற்றுக்குள் இருந்த என்சைம்கள் ரத்தத்தில் கலக்கின்றன. 'எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஜாஸ்தி' என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். அந்த உறைவுகளுக்கு இடையே நுழைந்து போகும் சிவப்பணுக்கள் உடைகின்றன. தட்டணுக்கள் செலவழிந்து தீர்ந்துபோகின்றன. கல்லீரல் வீங்கி, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை இழுக்கிறது. அதுதான் 'நெஞ்சுக்குழி வலி'! வாயுவும் இல்லை, பித்தமும் இல்லை.

சிவப்பணு உடைவது, கல்லீரல் என்சைம் கூடுவது, தட்டணு குறைவது என்ற இந்த மூன்றும் சேர்ந்து வருவதற்கு 1982-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் லூயி வைன்ஸ்டைன் 'ஹெல்ப்' என்று பெயர் வைத்தார். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர். கேட்டால் யாரோ 'உதவி' என்று கூப்பிடுவது போலவே இருக்கும். கர்ப்பகால பிரஷர் கடுமையாகிவிட்ட பெண்களில் 100-க்கு 10 முதல் 20 பேர் வரை இந்த நிலைக்குப் போகலாம். பெரிய வேடிக்கை என்னவென்றால், சிலருக்கு பிரஷர் ரொம்ப ஏறாமலேகூட இது வந்துவிடும்.

சமையற்கட்டில் அடுப்பு புகைகிறது. கூடத்துச் சுவர் கறுக்கிறது. நீங்கள் சுவருக்கு வெள்ளையடிப்பீர்களா, அடுப்பைக் கவனிப்பீர்களா? கல்லீரல் அந்தக் கூடத்துச் சுவர். அடுப்பு நஞ்சுக்கொடி. அது உள்ளே இருக்கும்வரை புகை நிற்காது. அதனால்தான் இந்த வியாதி முற்றினால் பிரசவம் ஒன்றுதான் தீர்வு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சிசேரியனில் ஆசைப்பட்டுச் சொல்வதில்லை.

எலிக்குச் சரியானது...

"அப்படியானால் கல்லீரல் அழற்சியைக் குறைக்கிற மூலிகைச் சத்து எதுவுமே கிடையாதா?" என்று கேட்கலாம். இருக்கிறது. சும்மா வாய்ப்பேச்சாக இல்லை, ஆராய்ச்சிக் கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் ஊதா நிறப் பூப் பூக்கும் ஒரு முட்செடி உண்டு. அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் சிலிமரின். நம் ஊர் மருந்துக் கடைகளில் 'லிவர் மாத்திரை' என்று விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் இருக்கும் சரக்கு இதுதான். அதற்குள் இருக்கும் முக்கியமான பொருளுக்குப் பெயர் சிலிபினின். பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சினை எலிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, வேண்டுமென்றே பிரஷரை ஏற்றினார்கள். கர்ப்பிணிகளுக்கு வருவது போன்ற கோளாறு வந்தது. பிறகு சிலிபினின் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் குறைந்தது. கல்லீரல் அழற்சியும் குறைந்தது. 2012-ல் வெளியான ஆராய்ச்சி இது. மஞ்சளில் உள்ள குர்குமினை வைத்தும் எலிகளில் இதே மாதிரி நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஆர்வம்தான். ஆனால் எலிக்கு பிரஷர் வந்தது வெளியிலிருந்து கொடுத்த மருந்தினால். நம் பெண்ணுக்கு வருவது அவளுடைய நஞ்சுக்கொடியில் மாதக்கணக்காக நடந்த கோளாறினால். அதுவும் போக, சிலிபினினோ குர்குமினோ, வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவது சொற்பம். எலிக்கு 21, 22 நாளில் பிரசவமே முடிந்துவிடும். அங்கே கண்டதை இங்கே ஒரு தாய்க்கும், அவள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அப்படியே கொண்டுவந்து கொட்ட முடியாது.

நான் வீணாகப் பயமுறுத்தவில்லை. ஒரு பழைய கதையைக் கேளுங்கள். 'இந்த வியாதியில் உடம்பில் ஆக்சிஜன் சேதம் நடக்கிறது. ஆகவே அதைத் தடுக்கும் வைட்டமின் சி-யும் வைட்டமின் ஈ-யும் கொடுத்தால் வியாதியே வராது' என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம். நானும்தான். காகிதத்தில் பார்த்தால் அத்தனை பொருத்தம்! கடைசியில் இங்கிலாந்தில் ஆபத்து அதிகம் உள்ள 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. வியாதி குறையவில்லை. மாறாக, வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்திருந்தன. வைட்டமின்தானே, என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்த எங்களுக்கெல்லாம் அது நல்ல பாடம்.

அதிமதுரம் செய்யும் வேலை

'இயற்கைதானே, ஒன்றும் செய்யாது' என்கிறவர்களுக்கு நான் எப்போதும் அதிமதுரத்தைத்தான் காட்டுவேன். இருமல், தொண்டைக் கரகரப்பு என்றால் நம் வீடுகளில் ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது வழக்கம். நல்ல மருந்து. கல்லீரலுக்கும் நல்லது என்று பெயர் எடுத்தது. பெயர் மட்டுமில்லை, அதன் சாரமான கிளிசரைசினை நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்கு ஊசியாகவே ஜப்பானில் பல்லாண்டுகளாகப் போட்டுவருகிறார்கள்.

அதே கிளிசரைசின் என்ன செய்கிறது தெரியுமா? தினமும் கணிசமாகச் சாப்பிட்டால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது, பிரஷரை ஏற்றுகிறது! கல்லீரலைக் குளிர வைக்கிறேன் என்று வந்த விருந்தாளி, பிரஷர் உள்ள கர்ப்பிணியின் வீட்டில் அடுப்பை இன்னும் ஊதிவிட்டுப் போகிறான். அதுமட்டுமா? தாயின் உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குழந்தையிடம் அளவுக்கு மீறிப் போகாமல் நஞ்சுக்கொடியில் ஒரு என்சைம் காவல் காக்கிறது. கிளிசரைசின் அந்தக் காவல்காரனைத்தான் முடக்குகிறது. அதிமதுர மிட்டாயை விரும்பிச் சாப்பிடும் பின்லாந்தில், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படி அறிவுரையே இருக்கிறது. இருமலுக்கு என்றைக்கோ ஒரு துண்டு மென்றதற்காக யாரும் பதற வேண்டாம். 'லிவருக்கு நல்லது' என்று தினசரி கஷாயம் வைத்துக் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

மஞ்சளும் அப்படியே. குழம்பில் போடுகிற மஞ்சளை, பாலில் போடுகிற சிட்டிகையை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சளின் சத்தைப் பிழிந்து, அது ரத்தத்தில் நன்றாக ஏற வேண்டும் என்று மிளகின் சத்தையும் கூட்டி மாத்திரையாக்கி விற்கிறார்களே, அதனால் கல்லீரலே கெட்டுப்போனவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2022-ல் அறிக்கை வந்திருக்கிறது. கொரோனா சமயத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடியைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். மறுத்துப் பேசியவர்களும் உண்டு. சமையலறைக்கு ஒரு அளவு, மருந்துக்கு ஒரு அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வம்பு.

சரி, நம் கீழாநெல்லிக்கு வருவோம். அதை ஏதோ பாட்டி வைத்தியம் என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை. சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்து, 1988-ல் 'லான்செட்' என்ற பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். மருந்து சாப்பிட்டவர்களில் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவிகிதம் பேருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது! ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்த மாதிரி பலன் கிடைக்கவில்லை. எந்தச் செடி, எங்கே வளர்ந்தது, எப்படிப் பக்குவம் செய்தது என்பதையெல்லாம் பற்றி இன்னும் சர்ச்சை உண்டு. இருக்கட்டும். அந்தச் சோதனை வைரஸ் பற்றியது. நம் பெண்ணின் கல்லீரலில் வைரஸே கிடையாது! ரத்த உறைவு அல்லவா இருக்கிறது! கதவு உடைந்ததற்கு ஜன்னலை ரிப்பேர் செய்து என்ன பயன்?

மரப்பட்டையிலிருந்து வந்த ஒரு மாத்திரை

தாவரங்கள் இந்த வியாதியில் ஒன்றுமே உதவவில்லையா என்றால், உதவியிருக்கிறது. அதுவும் பிரமாதமாக! வில்லோ என்ற மரத்தின் பட்டை காய்ச்சலுக்கு நல்லது என்று இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் 1763-லேயே எழுதிவைத்தார். அந்தப் பட்டைச் சத்தின் வழியில்தான் 1897-ல் ஜெர்மனியில் ஆஸ்பிரின் உருவானது. அது சும்மா தலைவலி மாத்திரையாகவே பல வருஷம் இருந்தது.

குறைந்த அளவு ஆஸ்பிரினை, ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்திலேயே கொடுத்தால் என்ன என்று பல வருஷம் பல இடங்களில் சோதித்தார்கள். 2017-ல் வந்த பெரிய ஆராய்ச்சியில், 11-வது முதல் 14-வது வாரத்துக்குள் தொடங்கி 36-வது வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். குறைமாதத்திலேயே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையான பிரஷர் வியாதி 4.3 சதவிகிதத்திலிருந்து 1.6 சதவிகிதமாகக் குறைந்தது. நினைத்துப் பாருங்கள், 37 வாரத்துக்கு முன் நடக்கிற அந்தப் பிரசவங்களில்தான் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கின்றன.

ஜன்னியைத் தடுக்கும் மருந்தும் அப்படி ஒன்றும் ஆடம்பரமானது இல்லை. பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே மக்னீசியம் சல்பேட்தான், ஊசியாக. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். ஜன்னி வரும் அபாயம் பாதிக்கு மேல் குறைந்தது. பிரஷருக்கு லேபிடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. எல்லாமே விலை மலிவு. எல்லாமே பெண்களிடம் கொடுத்துப் பார்த்துத் தேறியவை.

இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓடி ஆஸ்பிரின் வாங்கிவிடாதீர்கள். யாருக்கு வேண்டும், எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. வியாதி வந்த பிறகு அதைச் சாப்பிட்டுப் பலன் இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பட்டைக்குக் கிடைத்த மரியாதை கீழாநெல்லிக்கும் மஞ்சளுக்கும் கிடைக்கட்டும். நம் பல்கலைக்கழகங்கள், சித்த மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, முறையாகச் சோதித்துப் பார்க்கட்டும். தேறினால் முதல் ஆளாக நானே எழுதிக்கொடுப்பேன். அதுவரை நம் வீட்டுக் கர்ப்பிணியைச் சோதனைச்சாலை ஆக்க வேண்டாம். நான் அறிந்த நல்ல சித்த மருத்துவர்கள், வயிற்று வலி என்று கர்ப்பிணி வந்தால் முதலில் பிரஷரைப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறார்கள்.

எங்கள் ஆட்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. ரிப்போர்ட்டில் கல்லீரல் என்சைம் கொஞ்சம் கூடியிருந்தால் 'இந்த லிவர் டானிக்கை ரெண்டு வேளை சாப்பிடும்மா' என்று எழுதித் தள்ளும் டாக்டர்கள் இல்லையா? மருந்துக் கடைக்காரர் எடுத்துக்கொடுப்பது இல்லையா? அந்த டானிக்குக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில் சாறுக்கும் என்ன வித்தியாசம்? லேபிள்தான்! அதோடு, எங்களிடம் வருகிறவர்களுக்கு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, 'உங்களுக்கு பிரஷர் 136/88 இருக்கிறது, இன்னும் கூடினால் இப்படி இப்படி ஆகும்' என்று விளக்குகிற பொறுமை எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நாங்கள் சொல்லாத இடத்தைப் பக்கத்து வீட்டு மாமி நிரப்புகிறார். மாமியைக் கோபித்து என்ன செய்ய?

வளைகாப்புக்குப் பிறகு...

நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கிறது. பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள். வழியனுப்பும்போது பலகாரக் கூடை, பட்டுப்புடவை, பூ எல்லாம் வண்டியில் ஏறுகிறது. செக்கப் ஃபைல் மட்டும் பீரோவிலேயே தங்கிவிடுகிறது! புது ஊரில் புது டாக்டர். 'போன வாரம்தானே பாத்தோம்' என்று இரண்டு வாரம், மூன்று வாரம் தள்ளிப்போகிறது. இந்த வியாதி கர்ப்பத்தின் பின்பாதியில், அதிலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான் அதிகமாகத் தலைகாட்டும். நாம் கண்ணை மூடுகிற நேரமும், அது கண்ணைத் திறக்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

கால் வீக்கம் பலருக்கும் சகஜம்தான். "நீர் எறங்கியிருக்கு, பார்லிக் கஞ்சி குடு" என்கிறோம். குடிக்கட்டும். ஆனால் முகம் அதைத்தால், மோதிரம் கழற்ற வராமல் போனால், தலைவலி மாத்திரை போட்டும் தலைவலி விடாமல் இருந்தால், கண்ணில் பூச்சி பறந்தால், வலது விலாவுக்குக் கீழேயோ நெஞ்சுக்குழியிலோ வலி வந்தால், இரண்டாம் பாதியில் புதிதாக வாந்தி தொடங்கினால், கஞ்சியும் கஷாயமும் அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் பிரஷரைப் பாருங்கள். கிராமத்துச் சுகாதார நர்ஸிடம்கூட கருவி இருக்கிறது. 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம். 160/110 என்றால் நல்ல நேரம், ராகுகாலம் எதுவும் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு. பிரஷர் சரியாக இருந்தும் வலி நிற்கவில்லையா? கல்லீரல், தட்டணு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தே தீர வேண்டும்.

பிரசவம் ஆகிவிட்டால் கதை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். 'ஹெல்ப்' வருகிறவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குப் பிரசவத்துக்குப் பிறகுதான் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். 'பத்தியச் சாப்பாடு ஒத்துக்கல, லேகியம் சூடு பண்ணிடுச்சு' என்று விட்டுவிடுகிற வயிற்று வலிகளில் அதுவும் ஒளிந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அன்று ராத்திரியே ரத்தம் ஏற்றி, மக்னீசியம் ஊசி போட்டு, அறுவை சிகிச்சை செய்தோம். 1,600 கிராமில் ஒரு பெண் குழந்தை. மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. தாயின் தட்டணுக்கள் நாலாம் நாள் ஏறத் தொடங்கின. கல்லீரலும் தானாகவே சரியாகிவிட்டது. ஒரு டானிக் கிடையாது, ஒரு சாறு கிடையாது. அடுப்பை அணைத்ததும் சுவர் சுத்தமாயிற்று, அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அந்த அம்மா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"நான்தான் கெடுத்துட்டேனா டாக்டரம்மா?"

"இல்லம்மா. உங்க கீழாநெல்லியால இந்த வியாதி வரலை. நீங்க ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாம், அவ்வளவுதான். இனிமே ஒண்ணு செய்யுங்க. அடுத்த தடவை உங்க பொண்ணு முழுகாம இருந்தா, நாள் தள்ளிப்போன உடனே என்கிட்ட கூட்டிட்டு வாங்க. மூணு மாசம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஒருவாட்டி வந்தவங்களுக்கு மறுபடியும் வரலாம். வருஷா வருஷம் பிரஷரும் பாக்கணும், குழந்தை வளந்து பெரியவளானாலும் பாக்கணும்."

மூன்று வருஷம் கழித்து இருவரும் வந்தார்கள். பத்தாவது வாரம். பேத்தி பாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடையில் பழைய ஃபைல், டிஸ்சார்ஜ் சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்:

"மொதல்ல பிரஷரைப் பாருங்க டாக்டரம்மா."

118/74 இருந்தது. அன்று இரவிலிருந்தே கொஞ்சநாளில் தொடங்க வேண்டிய ஆஸ்பிரினுக்குத் தேதி குறித்துக்கொடுத்தேன்.